மூன்றாம் வாரம் வரை வெறும் தண்ணீர்

நாற்றுக்கு எப்போது உரம் வைக்கத் தொடங்குவது என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் தோட்டச் சங்கத்தின் தலைவி ஹெட்விகா கேட்டார். எந்த நாற்று என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சட்டம் இப்போது வீட்டுக்குச் சில கஞ்சாச் செடிகளை அனுமதிக்கிறது என்றாலும், தக்காளி வரிசைக்குப் பின்னால் ஒளித்து வளர்த்தே பழகிப்போன நமக்கு அந்தப் பெயரை உரக்கச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

"தக்காளிக்குப் பின்னாடி இருக்கே, அதைப் பத்தி," என்றார். "ஒரே பக்கம், விலேம். நீங்க ஆரம்பிச்சா சந்தை கலையற வரைக்கும் நிறுத்த மாட்டீங்க. இது அறிவிப்புப் பலகை. நின்னுக்கிட்டே படிக்கணும். நம்ம சங்கத்துல பாதிப் பேருக்கு முட்டி போயிடுச்சு."

"முட்டிக்காகத்தானே அந்தச் செடியையே வளர்க்கறாங்க," என்றேன்.

"அப்ப முதல்ல செடி வளரட்டும். போன வருஷம் புதுசா வளர்த்தவங்க அத்தனை பேரும் ஆசை ஆசையா உரத்தைக் கொட்டி நாத்தைச் சாகடிச்சுட்டாங்க."

அத்தனை பேரும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: என் பெயர் விலேம். பதினேழாம் எண் தோட்டம். நம் ஸ்னோய்மோ ஊர்ச் சந்தைச் சதுக்கத்தில் நாற்பது வருடம் விதையும் உரமும் விற்றேன். அதற்கு முன் அதே இடத்தில் என் அப்பா வெள்ளரிக்காய் விற்றார். எதிர்வரிசையில் என் அம்மா வெள்ளரிக்காய் விற்றார். பகலெல்லாம் ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் இழுத்துவிட்டு, சாயங்காலம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பார் அம்மா. "வேணாம்மா, போறேன்" என்று வாய் சொல்லும். கால் கடையைப் பார்த்தே நிற்கும். அப்பாவின் பாடம் இன்னும் சுருக்கம்: பேரத்தில் முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் நன்றாகவே பிழைத்தேன்.

இனி விஷயம். விதை பிளந்ததும் முதலில் விரிபவை இரண்டு வட்ட இலைகள். அவற்றை இலை என்று நினைக்காதீர்கள், அவை கட்டுச்சோறு. தாய்ச்செடி மடியில் கட்டி அனுப்பிய அந்தச் சோற்றைத் தின்றுதான் நாற்று முதல் இரண்டு வாரமும் உயிர் வாழும். அந்த நாட்களில் அதற்கு ஜன்னல் வெளிச்சமும் வெறும் தண்ணீரும் போதும். தண்ணீரும் மேல்மண் காய்ந்த பிறகுதான். ரம்பப் பல் வைத்த அசல் இலைகள் மூன்று அடுக்கு வந்து, அடியில் அந்த வட்ட இலைகள் வெளிறி மஞ்சளாகும்போது, ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில், நாற்று பசிக்கிறது என்று கேட்கிறது. அப்போது கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் வேர் வெந்துபோகும்.

கொடுக்க வேண்டியது காஞ்சொறி நீர். நம் ஒவ்வொரு தோட்டத்து மூலையிலும் அந்தப் பீப்பாய் இருக்கிறது: காஞ்சொறிச் செடியை வெட்டி, தண்ணீரில் அமுக்கி, இரண்டு வாரம் அழுகவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது மூடியைத் திறந்தால் உள்ளே பிணம் கிடக்கிறது என்று போலீசைக் கூப்பிடுவார். வளர்ந்த தக்காளிக்கு அதில் ஒரு குவளைக்குப் பத்துக் குவளைத் தண்ணீர் கலக்க வேண்டும். நாற்றுக்கு, மூன்றாவது வாரத்திலும்கூட, இருபதுக்குக் குறையக் கூடாது. கலக்காமல் ஊற்றினால் அது உரம் இல்லை, அமிலம். மே மாத நடுவில் பனிப் புனிதர்கள் மூவரின் நாட்களும் கழிந்து, கடைசி உறைபனி போன பிறகே நாற்று ஜன்னலை விட்டுத் தோட்டத்துக்கு வரலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

கேட்கும்வரை கொடுக்காதே. நாற்பது வருடமாக எல்லோருக்கும் இதைத்தான் சொன்னேன். உரம் விற்கிறவன் பேசுகிற பேச்சா இது என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நாற்று பிழைத்தவர்தான் அடுத்த வசந்தத்திலும் என் கடைக்கு வருவார். நாற்று செத்தவர் எதிர்க்கடைக்குப் போவார்.

பலகைக்கு இவ்வளவு போதும். இதோடு நிறுத்தியிருந்தால் ஹெட்விகா கேட்ட ஒரே பக்கம்தான் ஆகியிருக்கும். ஆனால் போன வசந்தத்தில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொன்னேன். அதை எழுதாமல் இந்தப் பக்கத்தில் என் பெயரைப் போடுவது சரியாகத் தோன்றவில்லை.

யார்மிலாவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இருபத்தொன்றாம் எண் தோட்டம், ரயில் டிரைவர் சிரிலின் மனைவி. என் வாசலிலிருந்து நாற்பதடி தள்ளித்தான் அவர்கள் வாசல். ஊறுகாய் ஆலையில் முப்பது வருடம், குளிர்ந்த காடிநீரில் கையை விட்டு வெள்ளரிக்காய் எடுத்து ஜாடிகளில் அடுக்கியவர். ஓய்வுபெற்ற அன்று ஆலை அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, பதிலுக்கு விரல்களை எடுத்துக்கொண்டது. முடக்குவாதம். கணுக்கள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலையில் அவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியாது.

மருத்துவமனை மாத்திரைகள் வலியை நிறுத்தின, வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன. ஒருமுறை ரத்த வாந்தி எடுத்துப் பத்து நாள் படுத்திருந்தார். இன்னொரு முறை அந்த மாத்திரையைத் தொட்டால் தன்னால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். ஆகவே அது எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

அதனால் களிம்பு. இலையையும் பூவையும் பன்றிக் கொழுப்பில் போட்டு மெதுவாகக் காய்ச்சி, ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி காய்ச்சித் துணியில் வடிகட்டினால் பச்சையாக உறையும். வேலை செய்வது செடியா, கொழுப்பா, தேய்க்கும் பத்து நிமிடமா என்று எனக்குத் தெரியாது. கொடுத்த சரக்கு வேலை செய்தால் ஏன் என்று கேட்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அது வேலை செய்தது. அந்தக் களிம்பு இருந்தவரை அவர் மாத்திரையைத் தொடவில்லை.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர் என் தோட்டத்துக்கு வருவார். சனிக்கிழமைகளில் சிரிலுக்கு வண்டி இருக்கும். முழங்கை மடிப்பில் ஒரு கூடை, கூடையில் பிளம் ஜாம் வைத்த பன். சரளைக்கல்லில் அவர் நடை கேட்டதும் நான் எழுந்துபோய் வாசலைத் திறப்பேன். வால்நட் மரத்தடி பெஞ்சில் உட்காருவார். சோடா கலந்த வெள்ளை ஒயின் ஒரு கோப்பை. புது ஜாடியைத் திறந்து நான் நீட்ட, கொஞ்சம் எடுத்து விரல்களில் தேய்த்துக்கொள்வார். நான் செடிகளைப் பற்றிப் பேசுவேன். கட்டுச்சோறு, மூன்றாவது வாரம், எல்லாம். கால் மணி நேரம் கழித்துக் கையை என் முன்னால் நீட்டி, மெதுவாக விரல்களை மடக்கிக் காட்டுவார்.

"பாருங்க, மூடுது."

"மூடுது," என்பேன்.

பதினொரு வருடம் இதே இரண்டு வசனம்தான். எங்கள் ஊர் வழக்கப்படி 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்க வேண்டுமானால் பெண்தான் கோப்பையை உயர்த்தி அழைக்க வேண்டும். அவர் அழைக்கவில்லை. நானும் அவசரப்படவில்லை. அரை மணி நேரம் ஆனதும் ஆறு ஜாடிகளைப் பெட்டியில் போட்டு அவர் வாசல்வரை தூக்கிப்போய்க் கொடுத்துவிட்டு வருவேன். என் மனைவி என்னை விட்டு வியன்னாவுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. அவள்மேல் குறை எதுவும் இல்லை. ஆனால் வருடத்தின் மற்ற நாட்களையெல்லாம் எதை நம்பிக் கழித்தாய் என்று யாராவது என்னைக் கேட்டால், காட்டுவதற்கு அந்த அரை மணி நேரம்தான் இருக்கிறது.

போன வருடம் மார்ச் மாதத்தில் சிரில் வந்தான். குளிர்காலத்தில் ஓய்வு பெற்றிருந்தான். ரயில்வே தொப்பியை மட்டும் இன்னும் விடவில்லை.

"வியாபாரி, இனிமே உனக்குத் தொந்தரவு கிடையாது," என்றான்.

"என்ன தொந்தரவு?"

"வருஷா வருஷம் அவளுக்குக் களிம்பு காய்ச்சித் தர்றே. காசு குடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறே. அவளுக்குக் கூச்சமா இருக்காம். எனக்கும்தான்யா. இப்ப சும்மாதானே இருக்கேன். நானே வளர்க்கறேன், நானே காய்ச்சறேன். அக்டோபர் வந்தா நீ ஜம்முனு காளான் பொறுக்கப் போ."

"நீ ரயில் ஓட்டினவன். செடி தண்டவாளத்துல போகாது, டிரைவர்."

"எழுதிக் குடு. எழுதினதை நான் மீறினதே இல்ல. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு தடவை மீறினேன்னு காட்டு, இந்தத் தொப்பியைத் தின்னுடறேன்."

அது உண்மை. காகிதத்தில் போகலாம் என்றிருந்தால், முன்னால் பாலம் இல்லாவிட்டாலும் சிரில் போவான். நான் சிரித்தேன், விதை கொடுத்தேன், இரண்டு பேரும் ஒரு கோப்பை குடித்தோம். அவன் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்தேன். கூச்சமாம். அந்தச் சொல்லை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தான். "வட்ட இலை விரிந்துவிட்டது. எப்போது உரம்? எவ்வளவு?" என்று எழுதியிருந்தது. எழுத்து யார்மிலாவினுடையது. சிரில் எழுதினால் அவனுக்கே பிறகு படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தும் பனியில் காக்கை நடந்த தடம்போல இருந்தது. பேனாவை முஷ்டிக்குள் செருகிப் பிடித்து எழுதியிருக்க வேண்டும். அந்த இரண்டு வரிக்கு அவருக்குப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

அதன் அடியில் நான் எழுதினேன்: "இன்றே தொடங்கு. காஞ்சொறி நீர். தண்ணீர் கலக்காமல். தினமும் காலை."

எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று கேட்பீர்கள். பேனா மூடியைக் கழற்றும் நேரம்.

"கலக்காமலா?" என்றான் சிரில்.

"ஆரம்பத்துலதான் பலம் வேணும்."

"சரி." சீட்டை நான்காக மடித்து, வண்டிக்கான உத்தரவைப்போலச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

ஐந்து நாளில் செத்துவிட்டன. நாற்றுத்தட்டைச் செய்தித்தாளால் மூடி, திருட்டுக் கோழியைக் கொண்டுவருகிறவன்போல என் தோட்டக் குடிசைக்குள் வந்தான்.

"வெந்த கீரை மாதிரி சாஞ்சிடுச்சு பாரு. என்னய்யா பண்ணினேன் நான்?"

"தண்ணி அதிகமாயிருக்கும்," என்றேன். வேறு விதை கொடுத்தேன். "அந்தச் சீட்டுப்படியே செய். வெளியில சொல்லாதே. டிரைவர் கஞ்சா வளர்த்த கதைன்னு சங்கமே சிரிக்கும்."

வெளியில் சொல்லாதே என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. சொல்லியிருந்தால் உங்களில் யாராவது ஒரு நல்ல நாற்றைக் கொடுத்திருப்பீர்கள்.

"யார்மிலா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. அந்தச் சீட்டைக் கேட்டா. கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மறுபடி ஃப்ரிஜ் கதவுல ஒட்டிட்டா."

என் மூன்றாவது வாரப் பிரசங்கத்தை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பதினொரு முறை கேட்டவர் அவர். சீட்டைப் பார்த்து என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. சிரிலிடம் எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். ஏனென்றால் இரண்டாவது தட்டும் அதே உத்தரவுப்படி ஜூன் முதல் வாரத்தில் செத்தது. அதன் பிறகு விதைத்துப் பயனில்லை.

அந்த வருடம் என் செடிகள் நன்றாக வந்தன. ஆறுக்குப் பதில் பன்னிரண்டு ஜாடிகள் காய்ச்சினேன். நான் கொடுக்க மறுத்ததாக யாரும் சொல்ல முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கொடுக்கத்தான் காய்ச்சினேன். அவர் பழையபடி வர வேண்டும், அவ்வளவுதான். அக்டோபர் முதல் சனிக்கிழமை பெஞ்சைத் துடைத்தேன். ஒயினைக் கிணற்று வாளியில் குளிரவைத்தேன். மூன்று மணிக்குக் கோப்பைகளை எடுத்து வைத்தேன்.

அவர் வரவில்லை.

நான் காத்திருந்தேன். வாரம் ஒருமுறை ஜாடிகளைத் துடைத்து வைத்தேன். நாற்பதடி நடந்துபோய்க் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஆனால் வாசல் தேடிப் போய்க் கொடுக்கிற பொருளுக்கு என்ன மதிப்பு என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நவம்பரில், இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாளில், கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பார்த்தேன். சிரில் பூச்செடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். அவர் தன் அம்மாவின் கல்லறைக்கு முன்னால் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கைகளில் சிரிலின் பெரிய கையுறைகள். அவருடையவை இனி நுழையவில்லை போலிருக்கிறது. நான் தீக்குச்சி கிழித்து விளக்கை ஏற்றிக் கொடுத்தேன்.

"இந்த வருஷம் உங்க செடியெல்லாம் நல்லா வந்துதா?" என்று கேட்டார்.

"நல்லா வந்தது. பன்னெண்டு ஜாடி."

"பன்னெண்டா." கொஞ்ச நேரம் கையுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "குளிர் இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுச்சு."

"ஆமா," என்றேன்.

அவர் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கிருந்தே ஓடிப்போய்ப் பன்னிரண்டையும் கொண்டுவந்திருப்பேன். நான் காத்துக்கொண்டுதான் நின்றேன். சிரில் வாளியோடு வந்துவிட்டான்.

டிசம்பர் இரண்டாவது வாரம் அவர் இறந்தார். மாத்திரைகளை மறுபடி தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. சாப்பிடுவதை நிறுத்தினால் ஸ்பூன் பிடிக்க முடியவில்லை, சாப்பிட்டால் வயிறு எரிந்தது என்று சிரில் பிறகு சொன்னான். காலையில் காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்திருக்கிறார். மாலைக்குள் முடிந்துவிட்டது. நான் ஒரு நல்ல மலர்வளையம் எடுத்துப்போனேன். சவப்பெட்டியில் கைகளுக்கு வெள்ளைத் துணி உறை போட்டிருந்தார்கள். விரல்கள் மடங்கியிருந்தனவா என்று தெரியவில்லை.

போன மாதம், மார்ச்சில், சிரில் என் வாசலுக்கு வந்தான். தொப்பி இல்லை. தலை இவ்வளவு நரைத்திருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சில், யார்மிலா உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான்தான் அவளைக் கொன்னேன், வியாபாரி."

"பைத்தியம் மாதிரி பேசாதே."

"ரெண்டு தட்டு. மத்தவங்களுக்கெல்லாம் மரம் மாதிரி வளர்ந்து நின்னுது. நீ எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம செஞ்சேன், தெரியுமா? அலாரம் வச்சு எழுந்திருச்சு ஊத்தினேன். அப்படியும் செத்துதுன்னா அது என் கைதானே? இந்தக் கை இரும்பைத் தொட்டே பழகின கை. உயிரைத் தொடத் தெரியல." இரண்டு கைகளையும் மடியில் வைத்து, யாரோ விட்டுப்போன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கைராசின்னு ஒண்ணு இருக்கு," என்றேன். அந்த நேரத்தில் ஆறுதலாக வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவன் தலையாட்டினான். பிறகு சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி அந்தச் சீட்டை எடுத்தான். மடிப்புகளில் கிழிந்திருந்தது. பின்பக்கம் ஒட்டுநாடா போட்டிருந்தான்.

"ஜாடி அடுக்கற வரிசையில அவளோட வேலை செஞ்சவங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க. அதே கை. இந்த வருஷமாவது வளர்த்து, காய்ச்சி, அவ பேர்ல கொடுக்கணும்னு இருக்கு. விதை போட்டாச்சு. வட்ட இலை விரிஞ்சதும் இதன்படியே செய்யட்டுமா? இல்ல, என் கைக்கு ஏத்த மாதிரி வேற ஏதாவது எழுதித் தர்றியா?"

சீட்டை வாங்கிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள்தான் ஹெட்விகா வந்து பலகைக்கு ஒரு பக்கம் கேட்டார்.

அந்தச் சீட்டை இந்தக் காகிதத்தோடு சேர்த்துக் குத்தியிருக்கிறேன். மேலே இருப்பது யார்மிலாவின் எழுத்து. கீழே இருப்பது என்னுடையது. நாற்பது வருடம் என் கடையில் விலைப்பலகை படித்தவர்களுக்கு அடையாளம் தெரியும். சிரில், உன் கையில் ஒரு குறையும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: மூன்றாம் வாரம் வரை வெறும் தண்ணீர். உன் நாற்றுகளை இரண்டு முறையும் கொன்றது நான். அவை செத்தால் அவருக்குக் களிம்பு இருக்காது என்று தெரிந்து கொன்றேன். களிம்பு இல்லாவிட்டால் எதைச் சாப்பிடுவார் என்பதும், சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். பன்னிரண்டு ஜாடிகள் என் குடிசை அலமாரியில் இருக்கின்றன. அந்த நான்கு பெண்களுக்கும் எடுத்துக்கொண்டு போ. தோட்டத்தைச் சங்கத்திடம் திருப்பிக் கொடுக்கிறேன். போலீஸ் இதற்கு ஒரு பெயர் கண்டுபிடித்தால் அதற்கும் மறுப்புச் சொல்லமாட்டேன்.

என் பக்கத்தில் சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது. நான் மறுக்கவில்லை. கேட்டால் கொடுக்கக் காத்திருந்தேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டதால் ஒரு திருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். அக்டோபர் சனிக்கிழமை அவர் வரவில்லை என்று மேலே சொன்னேன். வாசல்வரை வந்தாள். சரியாக மூன்று மணி. சரளைக்கல்லில் நடை கேட்டது. நான் குடிசைக்குள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பதினொரு வருடமும் நான் எழுந்துபோனேன், இந்த ஒரு முறை அவளாகத் திறந்துகொண்டு வரட்டும் என்று இருந்தேன். அது பெரிய ஆசை இல்லை என்று நினைக்கிறேன். தாழ்ப்பாளில் ஒரு கையை வைத்தாள். பிறகு இரண்டு கையையும் வைத்தாள். பிறகு மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தாள். "விலேம், உள்ளே இருக்கீங்களா?" என்று ஒரு முறை கூப்பிட்டாள். வாசல் கம்பிகளுக்கு அடியில் அவள் கால்கள் தெரிந்தன. வெகுநேரம் இரண்டும் என் பக்கமே திரும்பியிருந்தன. அப்புறம் கூடையை வாசல் தூணின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பன்னில் அந்த வருடம் ஜாம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அந்தத் தாழ்ப்பாள் இறுக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உண்மையிலேயே தேவைப்பட்டிருந்தால் அவள் அதைத் திறந்திருப்பாள்.